தோள்சீலையும் சாதிக் கேள்வியும்

தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துச் சேலை போடக் கூடாது என்று இருந்தது. போட்டவர்களின் துணியைச் சந்தையில் வைத்தே கிழித்தார்கள்.

"உன்னையும் ஆண்டவன் தன் சாயலில்தான் படைத்தான்" என்றது கிறிஸ்தவம். பெண்கள் அதை நம்பினார்கள். 1822-ல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நடந்தது. அந்த ஆண்டு ஜூலை 26-ந் தேதி மன்னரின் உத்தரவு வந்தது. அதுவும் அரைகுறை. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாதாம்!

இந்தத் தன்மானம் பாதிரிமார் போட்ட பிச்சை அல்ல. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரின் பள்ளியில் லேஸ் பின்னக் கற்ற அடிமைப் பெண்கள் சிலர், கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள்.

அந்த மண்ணின் பிள்ளைகள் இன்று மும்பையிலும் பெங்களூரிலும் பிழைக்கிறார்கள். ஆபீசில் ஒருவன் "மதராசி" என்று ஏளனமாகக் கூப்பிட்டால் நெஞ்சில் தைக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்து கல்யாணப் பேச்சு எழுந்தால், "பையன் என்ன ஆளுங்க?" என்பதுதான் பல இடங்களில் முதல் கேள்வி!

சபைப் பெரியவர்களுக்கு இது தெரியாததல்ல. கையில் கொடுக்கப்படும் வரன் குறிப்பில் சாதி வரியை அவர்களே அடித்துவிட்டால் என்ன?