சோம்பல் மொழிக்கு ஓர் ஆச்சரியக்குறி

மணலியிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "எங்கள் ஊர்க் காற்றிலுள்ள தூசிக்குச் சராசரி பார்க்க, என் பெண் 'ஹாஸ்கெல்' என்ற மொழியில் புரோகிராம் எழுதினாள். ஒரு மாதக் கணக்கு சரியாக வந்தது. பல வருஷக் கணக்கைக் கொடுத்ததும் கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஓயாத இழுப்பு. அந்தக் கணக்கை வைத்துத்தான் மனுக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பழசா, அல்லது இவளுக்குப் படிப்புப் போதாதா?"

இரண்டும் இல்லை, அம்மா. அந்த மொழியின் சுபாவம் அப்படி!

1990-இல் முதல் இலக்கணம் வெளியான இந்த மொழிக்கு ஹாஸ்கெல் கறி என்ற அமெரிக்கத் தர்க்க நிபுணரின் பெயர். (கறி என்றதும் அடுப்பங்கரைக்கு ஓடிவிடாதீர்கள்.) கேட்டாலொழிய இது எதையும் கணக்கிடாது. முடிவே இல்லாத பட்டியலைச் சொல்லி, முதல் ஐந்தை மட்டும் கேட்டால், ஐந்தோடு நிறுத்திக்கொள்ளும். பெரிய சௌகரியம்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசஸரை வடிவமைத்த 'ப்ளூஸ்பெக்' மொழிகூட ஹாஸ்கெல்லின் வழி வந்ததே.

ஆனால் கூட்டல் என்று வரும்போது இந்தச் சோம்பல் வம்பில் கொண்டுவிடும். மளிகைச் சீட்டுகளை அன்றன்று கூட்டாமல் கம்பியில் குத்தி வைத்து, மாதக் கடைசியில் மலைத்து நிற்பதில்லையா? 'ஃபோல்ட்எல்' என்ற கட்டளையும் அப்படித்தான். 15 நிமிஷத்துக்கு ஓர் அளவு என்றால் வருஷத்துக்கு 35,040. அதைப் பல வருஷம், பல நிலையம், பலவகை மாசு என்று பெருக்கிப் பாருங்கள். கூட்டாத சீட்டுகளோடு, அவற்றுக்காகப் படித்த வரிகளும் சேர்ந்து நினைவகத்தை அடைத்துக்கொள்ளும்.

பரிகாரம் உண்டு. அதே பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்ட இன்னொரு ஃபோல்ட்எல் இருக்கிறது. அது அவ்வப்போது கூட்டிவிடும். இதிலும் ஒரு சூட்சுமம்! சராசரிக்காகக் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் உங்கள் பெண் ஜோடியாக வைத்திருப்பாள். குறி போட்ட ஃபோல்ட்எல், டிபன் காரியரின் மேல் மூடியைத் திறப்பதோடு சரி. உள்ளே இருப்பதைத் தொடாது. ஆகையால் ஜோடிக்குள் இருக்கும் இரண்டு பெயர்களுக்கும் முன்னால் ஆளுக்கொரு ஆச்சரியக்குறி போடச் சொல்லுங்கள். 'இப்போதே கணக்கிடு' என்று அதற்கு அர்த்தம். கூட்ட ஒரு தடவை, எண்ண ஒரு தடவை என்று பட்டியலை இரண்டு முறை சுற்றவும் வேண்டாம். இரண்டாம் சுற்றுக்காகப் பட்டியல் முழுவதையும் கம்ப்யூட்டர் கையில் பிடித்துக்கொண்டே நிற்கும்.

இன்னொன்று, மனுவுக்கு இதுதான் முக்கியம். கருவி வேலை செய்யாத நேரங்களில் அளவு வெறுமையாக இருக்கும். அங்கே பூஜ்யம் போட்டுக் கூட்டினால் மணலிக் காற்று காகிதத்தில் மட்டும் சுத்தமாகிவிடும்! ஹாஸ்கெல்லில் 'மேபி' என்று ஒரு வகை உண்டு. வந்த அளவுக்கு 'ஜஸ்ட்', வராததற்கு 'நத்திங்'. ஜஸ்ட் உள்ளவற்றை மட்டும் கூட்டி, அந்த எண்ணிக்கையாலேயே வகுக்கட்டும். எத்தனை அளவுகள் கிடைத்தன, எத்தனை விட்டுப்போயின என்பதையும் மனுவில் சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடட்டும்.