இறந்த நைட்டின் பணப்பெட்டி யாருக்கு?

சென்ற சனிக்கிழமை இரவு எங்கள் விடுதியின் பொது அறையில் ஒரு பூசல் நிகழ்ந்தது. பூசல் பணத்தைப் பற்றியது; அதுவும் கற்பனைப் பணம். ஆயினும் நண்பர் ஒருவர் பகடைகளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். தவறு பெரும்பாலும் என்னுடையது என்பதால் இதை எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

தில்லியில் ஆய்வு மாணவர்களாகிய நாங்கள் ஆறு பேர் ஓராண்டாக 'கிங் ஆர்தர் பென்டிராகன்' ஆடிவருகிறோம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் ஆட்டம் இது. கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கியது. கேயாசியம் நிறுவனம் 1985இல் வெளியிட்டது. ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு நைட்; அதாவது பிரபுவிடம் நிலமானியம் பெற்று அவருக்காகக் குதிரையேறிப் போர்புரிபவர். இவ்வகை ஆட்டங்கள் பலவும் தனி வீரனின் சாகசத்தோடு நின்றுவிடும். பென்டிராகனின் நாயகர் தனிமனிதர் அல்லர், குடும்பம். ஓர் அமர்வில் ஏறத்தாழ ஓராண்டு கழியும். ஆண்டிறுதியில் 'குளிர்காலக் கட்டம்' வரும். விளைச்சல், திருமணம், பிள்ளைப்பேறு, மூப்பு எல்லாம் அப்போது முடிவாகும். தந்தை மாண்டால் 21 வயது மகன் நைட்டாகி ஆட்டத்துக்குள் வருவான். ஆகவே வாரிசுச் சொத்து இவ்வாட்டத்தின் ஓரத்து விவரமாக இருக்க முடியாது. ஆட்டமே அதன்மேல்தான் நிற்கிறது.

அன்று ஒரே போரில் இரு நைட்டுகள் மாண்டனர். ஒருவர் 90 பவுண்டு சேர்த்துவைத்திருந்த முதியவர், மகன் உண்டு. மற்றவர் மணமாகாதவர், நிலமும் இல்லை, வாரிசும் இல்லை. முன்னவரை ஆடிய நண்பர் அடுத்த கணமே மகனுக்காகச் சிறந்த குதிரையும் சிறந்த கவசமும் வாங்கத் தொடங்கினார். பின்னவரை ஆடியவர் வெறுங்கையோடு புதிய பாத்திரத்தை எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "இங்குமா அப்பன் சொத்து?" என்று கேட்டார். நடத்துநனாகிய நான், "விதிப்படி மகனுக்குத்தான்" என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டேன். கேட்டவர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களிலும் வீட்டுக்குப் பணம் அனுப்பியாக வேண்டியவர். குதிரை வாங்கியவருக்கு இந்நகரிலேயே சொந்த வீடு இருக்கிறது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

இத்தகைய இக்கட்டில் நடத்துநர்கள் கையாளும் வழிகள் இரண்டு. முதலாவது, பணத்தை மறையச் செய்வது: கொள்ளையர் வந்தனர், வீடு தீப்பற்றியது, சிற்றப்பன் ஏமாற்றினான். இரண்டாவது, பழைய சொத்தைப் பேசாமலே விட்டு, புதியவர் எல்லாருக்கும் ஒரே அளவு பணமுடிப்பு தருவது. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. முன்னது முதியவரை ஓராண்டாக ஆடியவரின் உழைப்பைத் தண்டிக்கிறது. பின்னது நிலமானிய உலகைச் சொல்லிவிட்டு, அவ்வுலகின் முதுகெலும்பான ஏற்றத்தாழ்வைப் பாயின்கீழ் ஒளிக்கிறது.

நான் செய்திருக்க வேண்டியது மூன்றாவது ஒன்று. சொத்து மகனுக்கே போகட்டும். ஆனால் அதன் மீதான உரிமைகோரல்கள் அனைத்தும் மேசைக்கு வரட்டும். கிளான்வில் என்னும் பெயரால் வழங்கும் ஆங்கிலச் சட்டநூல், ஏறத்தாழ 1188ஐச் சேர்ந்தது, இதற்குப் பெரிதும் துணைசெய்யும். (ஆர்தர் காலத்துக்கு இது பொருந்துமா எனக் கேட்பீர்கள். இவ்வாட்டமே பல நூற்றாண்டுகளின் வழக்கங்களை அறிந்தே கலப்பது.) அந்நூல் காட்டும் வழக்கில், இறப்பவன் தன் பொருள்களுள் தலைசிறந்ததை முதலில் தன் பிரபுவுக்குத் தருகிறான். கடன்கள் தீர்ந்தபின் எஞ்சும் அசையும் பொருள் மூன்றாகப் பிரியும்: ஒரு பங்கு வாரிசுக்கு, ஒன்று மனைவிக்கு, ஒன்று இறந்தவன் தன் விருப்பப்படி எழுதிவைக்க. இப்பங்கு பெரும்பாலும் தேவாலயத்துக்குப் போகும். நைட்டின் நிலத்தை ஏற்கும் மகன் பிரபுவுக்கு 100 ஷில்லிங், அதாவது 5 பவுண்டு, கட்ட வேண்டும். பெருங்குடிப் பிரபுக்களுக்கு இத்தகைய வரம்பு இருக்கவில்லை. மன்னர் ஜான் 1205இல் நிக்கலஸ் த ஸ்டட்வில் என்பவரிடம் 10,000 மார்க் கேட்டார். 1215இன் மாக்னா கார்ட்டா இக்கட்டணத்தைத் தன் இரண்டாம் கூற்றிலேயே வரையறுத்ததற்குக் காரணம் இதுபோன்ற கொள்ளைதான். அதன் 1217ஆம் ஆண்டு மறுவெளியீடு, கணவனின் நிலத்தில் மூன்றிலொன்றை விதவையின் வாழ்நாள் பங்காகக் குறித்தது.

இனி எங்கள் மேசையின் கணக்கு. தந்தையின் சிறந்த குதிரை பிரபுவுக்குப் போயிற்று. 90 பவுண்டில் 15 கடன். எஞ்சிய 75இல் மகனுக்கு 25. நிலமேற்கும் கட்டணம் போக 20. தாயின் பங்கு கழிந்தபின் நிலத்தின் வருவாயில் இரண்டு பங்கே மிச்சம். மணமாக வேண்டிய தங்கையும் இருக்கிறாள். பணம் கரைந்தது, ஆனால் கொள்ளையனால் அன்று, உறவுகளால். ஒவ்வொரு கழிவுக்குப் பின்னும் ஒரு முகம் இருக்கிறது. ஒவ்வொரு முகத்திலிருந்தும் ஒரு கதை தொடங்கும். கட்டணத்தைத் தள்ளிவைக்கும்படி பிரபுவிடம் கெஞ்சலாம், தாயிடம் கடன் கேட்கலாம், மடத்தோடு வழக்காடலாம்.

எங்களில் எவருக்கும் இது உடனே தோன்றாமைக்கு நம் குடும்பச் சட்டமும் ஒரு காரணம் என எண்ணுகிறேன். மிதாட்சர மரபில் மகன் பிறப்பாலேயே பூர்விகச் சொத்தில் பங்காளி ஆகிறான். மகளுக்கும் அவ்வுரிமை வரத் தமிழகத்தில் 1989 வரையிலும் நாடு முழுவதற்குமாக 2005 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. தந்தை கண்மூடியதும் சொத்து 'நம்முடையது' என்பது நமக்கு இயல்பான எண்ணம். நைட்டின் நிலமோ பிரபுவிடமிருந்து பெற்றது. மகன் அவர்முன் மண்டியிட்டு விசுவாசம் கூறிய பின்னரே அவன் கைக்கு வரும். நம் வரலாற்றில் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது முகலாயரின் ஜாகீர். அதுவோ இன்னும் கடுமையானது. மகனுக்குத் தானாக இறங்காது.

நிலமற்றவருக்கு இக்கணக்கால் என்ன பயன் என்பது நியாயமான மறுப்பு. செல்வன் சற்று ஏழையானதால் ஏழை செல்வனாகிவிடவில்லை. இங்கே வில்லியம் மார்ஷல் நினைவுக்கு வருகிறார். இளைய மகன், தந்தை சொத்தில் ஏதும் கிட்டவில்லை. நைட்டானதும் முதற்போரிலேயே குதிரையை இழந்து, மேலாடையை விற்று எளிய குதிரை ஒன்று வாங்கியதாக அவருடைய வரலாறு கூறுகிறது. பல்லாண்டுகள் போட்டிப் போர்களில் ஈட்டினார். 1189இல் இசபெல் த கிளேரை மணந்து பெருநிலக்கிழார் ஆனார். 1216இல் சிறுவனான மன்னருக்காக நாட்டையே ஆண்டார். நிலமற்ற பாத்திரத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. ஆனால் அவரை உயர்த்திய நிலமும் வாரிசுச் சொத்தே, இசபெல்லின் தந்தையுடையது. அவளை எவருக்கு மணம் செய்விப்பது என்பது மன்னர் கையில் இருந்தது. திறமையால் உயர்ந்தான் என்று நாம் போற்றும் கதைகளிலும் எவருடைய அப்பன் சொத்தோ ஒளிந்திருக்கிறது. நண்பரின் கேள்விக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவாகலாம்.

ஓரிடத்தில் அவர் பக்கமே நிற்கிறேன். தந்தை ஈட்டிய புகழில் பத்திலொரு பங்கு மகனுக்குச் சேரும் என்கிறது ஆட்டவிதி. அதன்மேல் எவரும் பங்கு கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. கருத்தரங்குகளில் குடும்பப் பெயரைக் கேட்டதும் மலரும் முகங்களைக் கண்டிருப்பீர்கள். இவ்விதியை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நேற்று அவர் அறைக்குப் போய் மேற்படி கணக்கைக் காட்டினேன். படித்துவிட்டு, "பிரபுவின் பாதுகாவலில் இருக்கும் வாரிசுப் பெண் எவளாவது உண்டா?" என்றார். உண்டு என்றேன். "அவளாக ஆடினால் என்ன?" என்று கேட்டார். வரும் சனிக்கிழமை அவர் அவளாகத்தான் அமர்கிறார்.