ஏரில்லாமல் இப்புனிதர் இல்லை

19ஆம் நூற்றாண்டில் மெக்சிக்கோ நாட்டுக் கிராம வீடுகளில் ஒரு படம் வைத்து வணங்கப்பட்டது. வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டில் எண்ணெய் வர்ணத்தால் வரைந்த சிறு படம் அது. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இராது. படத்தில் இருப்பவர் கமக்காரரின் பாதுகாவலரான புனித இசிதோர். அவர் செபித்து நிற்க, பின்னால் வானதூதர் ஒருவர் ஏர் பிடித்து உழுகிறார்.

இசிதோர் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் மட்ரிட் நகரருகே வாழ்ந்தவர். சொந்தக் காணி இல்லாதவர். பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். யுத்தம் வந்தபோது அவரும் ஊரை விட்டு வேறோர் ஊரில் பிழைத்தார் என்பது மரபு. 1622இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரியார், நாம் நன்கறிந்த சவேரியாருக்குப் புனிதர் பட்டம் அளித்த அதே நாளில் இந்தக் கூலியாளுக்கும் அளித்தார்.

'செபித்தால் போதும், மற்றதை வானதூதர் பார்த்துக்கொள்வார்' என்று இப்படத்துக்குப் பொருள் சொல்வோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. வானதூதர் உழுவதற்கும் ஒரு வயல் வேண்டுமே! பெயர் தெரியாத அந்த ஓவியர்கள் இதை அறிந்திருந்தார்கள். அதனால்தான் புனிதரை வரையும்போது ஏரையும் மாட்டையும் மண்ணையும் சேர்த்தே வரைந்தார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ கிராமங்களில் மே 15ஆம் திகதி, அவர் திருநாளன்று, அவரது சுரூபத்தை வயலுக்கும் வாய்க்காலுக்கும் சுமந்து செல்லும் வழக்கமும் உண்டு.

இடம்பெயர்ந்த வேளையில் நம்மில் பலர் சட்டி பானையோடு சுவாமிப் படத்தையும் எடுத்து வந்தோம். அது நல்லதே. ஆனால் அப்படத்தின் முன் நின்று பொறுமையை மட்டும் கேட்டால் போதாது. காணியையும் கேட்க வேண்டும். உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால் படத்தோடு பத்திரப்படுத்துவோம். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலும், அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்திலும் விசாரிப்போம். தனியே போகத் தயங்குவோர் நாலு பேராய்ச் சேர்ந்து போகலாம். நமக்காகச் செபிப்போரிடமும் ஒன்று கேட்கிறோம்: அந்த அலுவலக வாசல் வரை எம்மோடு வாருங்கள்.

கூலிக்கு உழுத ஒருவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியது. உழுபவனுக்கு வயலைப் பெற்றுக் கொடுப்பதே அவருக்கு நாம் எடுக்கக்கூடிய சிறந்த திருநாள்.