வந்த ஊரும் சொந்த ஊரே



ஆண்டுதோறும் கோடை விடுமுறை முடியும் தறுவாயில் நம் பங்குகளில் சில குடும்பங்கள் விடைபெற்றுச் செல்வதும், சில குடும்பங்கள் புதிதாக வந்து சேர்வதும் வழக்கம். ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், காவலர் என உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வருபவர்கள் இவர்கள். மரக்காணம் போன்ற உப்பளக் கரைக்கு மாற்றலாகி வருவோரின் முகத்தில் மகிழ்ச்சியைக் காண்பது அரிது. சென்னைக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் கண்ணைக் கூச வைக்கும் உப்புப் பாத்திகளுமாகக் கிடக்கும் ஊர் அது. "இங்கே என்ன சாமி இருக்கிறது?" என்பது அவர்களுடைய முதற்கேள்வி. "திரும்ப எப்போது மாற்றல் கிடைக்கும்?" என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு விடை கண்டவர்கள் இரண்டாவதை அத்தனை அவசரமாகக் கேட்பதில்லை. அவ்விடையைத் தேடுவதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

புதிதாக வந்த குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். மளிகையும் காய்கறியும் வாரந்தோறும் புதுச்சேரியிலிருந்து வாங்கி வரப்படுகின்றன. வெள்ளி மாலை பள்ளி விட்டதும் சொந்த ஊருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். ஞாயிறு இரவு திரும்புகிறார்கள். மற்ற நாட்களில் பிள்ளைகள் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முன்னால் அடைந்து கிடக்கிறார்கள். மூன்றாண்டுகள் இப்படியே கழிந்தால், வாடகை கொடுத்தார்களே தவிர அவ்வூரில் வாழவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இழப்பு அதோடு நின்றுவிடுவதில்லை. சுற்றிலும் வாழும் மக்கள் நம்மோடு பழகத் தகுந்தவர்கள் அல்லர் என்னும் பாடத்தைப் பெற்றோர் வாய்திறந்து சொல்லாமலேயே பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். இப்பாடம் பின்னர் எளிதில் மறப்பதில்லை.

ஓர் ஊரை அறிந்துகொள்ளும் வழியை நம் முன்னோர் வேறு விதமாகக் கண்டார்கள். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் செல்லும் பாணர்களுக்கு வழிகாட்டும் சங்க நூல். அதில் வரும் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் இன்றைய மரக்காணப் பகுதியே என அறிஞர் பலர் கருதுவர். புலவர் பாணனுக்கு வழி சொல்லும்போது, எவ்வூரில் எவர் எவ்வுணவை அளிப்பார் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறார். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். வேலூரில் வேட்டுவர் வீட்டுப் புளிச்சோறும் சுட்ட இறைச்சியும். எயிற்பட்டினத்தில் பரதவர் அளிக்கும், உலர்த்திச் சுட்ட குழல் மீன். அங்கே மதுவும் வழங்கப்பட்டது. அதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஊரை அதன் அடுப்பங்கரையின் வழியாக அறிமுகப்படுத்தும் அந்த முறை இன்றும் பழுதுபடாத முறையே.

உலர்த்திச் சுட்ட மீன் என்பது வேறென்ன? இன்று நாம் கருவாடு என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொள்ளும் பொருள்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பாணருக்கு விருந்தாக இருந்தது, இன்று சிலருக்கு அருவருப்பாகத் தோன்றுகிறது. ஒருவருக்கு ஓர் உணவு பிடிக்காமல் போகலாம். அது நாவின் பழக்கம். ஆனால் "இந்தத் தெருவே நாறுகிறது" என்று பிள்ளைகள் காதுபடச் சொல்லுகையில் நாம் இகழ்வது கருவாட்டை மட்டுமன்று. அதைக் காயவைத்தவரையும் கூடையில் சுமந்து விற்பவரையும் சேர்த்தே இகழ்கிறோம். நம் சமூகத்தில் உணவின் மீது காட்டும் அருவருப்புக்குள் சாதியும் தொழிலும் பற்றிய ஏளனம் பல வேளைகளில் ஒளிந்திருக்கிறது. கோவிலில் ஒரே பந்தியில் அமர்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே புதிதாக வந்த இல்லத்தரசிக்கு நான் கூறும் முதல் யோசனை மிக எளியது. மீன் கூடையோடு வரும் மூதாட்டியிடம் விலையைக் கேட்பதற்கு முன், "ஆயா, இந்த மீனை உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியால் அவர் உங்களுக்குக் கற்பிப்பவராக உயர்ந்துவிடுகிறார். நெத்திலியை எப்படி ஆய்வது, சங்கராவுக்குப் புளி எவ்வளவு, மாங்காய்க் காலத்தில் குழம்பில் எப்போது மாங்காயைச் சேர்ப்பது, கத்தரிக்காயோடு கருவாடு எப்படி இணங்கும், கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள எது ஏற்றது என அவரிடம் கற்க எவ்வளவோ உண்டு. கடல் மீனும் கழி மீனும் ஒன்றல்ல என்பதும், மடவையும் கொடுவாவும் உப்பங்கழியில் கிடைப்பவை என்பதும் சில வாரங்களில் விளங்கிவிடும். சுத்தபோசன நாட்களில் கறிக்கு மாற்று என்ன என்று திகைக்க வேண்டிய நிலையும் இராது.

மீனுக்கும் பருவம் உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பொருட்டு நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. சிறு படகுகளுக்கு அத்தடை இல்லை. மாற்றலாகி வருவோர் வந்திறங்குவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். அப்போது விலை ஏறியிருந்தால், கூடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கடலைவிட்டு உள்ளே வந்தால் மணற்பாங்கான நிலம். மாசி, பங்குனியில் தர்ப்பூசணி வயலோரத்திலேயே குவிந்து கிடக்கும். சித்திரையில் நுங்கு, தை மாதத்தில் பனங்கிழங்கு, திண்டிவனம் பக்கத்து வேர்க்கடலை என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தின்பண்டம் உண்டு. பொட்டலத்தில் அடைத்த நொறுக்குத் தீனிக்குப் பழகிய பிள்ளைகளுக்கு இவற்றின் சுவையைக் காட்டுவது பெற்றோரின் கடமை.

இனி உப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் செறிவூட்டி, இறுதிப் பாத்தியில் படிகமாக விளையச் செய்கிறார்கள். அதற்கு முன் சேற்றுத் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியற்காலையிலேயே பாத்தியில் இறங்குகிறார்கள். பாதங்கள் வெடிக்கின்றன, வெண்மையின் கூச்சத்தால் கண்கள் நோகின்றன. பிள்ளைகளை ஒரு காலை நேரம் வரப்போரம் அழைத்துச் சென்று, அனுமதி பெற்று, இதைக் காணச் செய்யுங்கள். அதன் பின் தட்டில் உப்பை வீணாக்க அவர்கள் தயங்குவார்கள். ஒரு குறிப்பு: அன்றாடச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள்; அளத்திலிருந்து நேரே எடுத்த உப்பில் அது சேர்ந்திராது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும். அதன் பின் தை பிறக்கும் வரை உப்பள வேலை பெரும்பாலும் நின்றுவிடும். நாம் மழையை வரவேற்கும் அந்த மாதங்களே உப்பளத் தொழிலாளர் வீட்டில் கடன் ஏறும் மாதங்கள். ஊருக்குள் வேரூன்றியவருக்கு இது தெரியும். அவர் அக்காலத்தில் மளிகைக் கடையில் ஒரு வீட்டின் பாக்கியைச் சத்தமின்றித் தீர்ப்பார். பள்ளிக்கு வராத மாணவனின் வீட்டை விசாரிப்பார். ஊரோடு ஒட்டாதவருக்கு மழை வெறும் மழையாகவே இருக்கும்.

அதே மழைதான் நமக்கு ஓர் அரிய பொழுதுபோக்கையும் கொண்டு வருகிறது. மரக்காணத்தை அடுத்துள்ள கழுவேலி, தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்ததாகச் சொல்லப்படுவது. 2021ஆம் ஆண்டு அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்குப் பின் நீர் நிறைந்ததும் வெளிநாட்டுப் பறவைகளும் உள்நாட்டுப் பறவைகளும் கூடுகின்றன. பூநாரையும் கூழைக்கடாவும் உள்ளானும் ஆலாவும் அங்கே காணக் கிடைக்கும். கூச்சலிடாமல் தொலைவில் நின்று பார்ப்பதும், கொண்டுபோன நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டுவருவதும் விருந்தினர்க்குரிய பண்பு. வடக்கே கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. வரலாற்றுப் பாடத்தைக் கடற்காற்றோடு படிக்க நல்ல இடம். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் நம் பகுதியிலேதான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகேறிச் சென்னை சென்ற வழி அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டலாம்.

மாலையில் கடற்கரைக்குச் செல்லுங்கள். ஆனால் எங்கே இறங்கலாம், எங்கே சுழல் உண்டு என்பதை மீனவரைக் கேட்காமல் நீரில் கால் வைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையை நேரில் கண்டவர்கள் அக்கரையில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் சொல்லைத் தட்ட வேண்டாம். உங்கள் மகனைக் கபடி ஆடும் இளைஞர்களோடு சேர்த்து விடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடமிருந்து பல்லாங்குழியை மகள் கற்கட்டும். அருகில் தெருக்கூத்து நடக்குமானால் ஓரிரவு கண்விழித்துக் குடும்பத்தோடு பாருங்கள்.

பொழுதுபோக்கைப் பற்றி ஒரு பங்குத்தந்தை இவ்வளவு எழுதுவானேன் என்று எவரேனும் எண்ணலாம். 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விற்றவர்களின் குற்றத்தைச் சட்டம் விசாரிக்கும். நாம் விசாரிக்க வேண்டியது வேறொன்று. உடல் நோகும் உழைப்புக்குப் பின் ஒரு மனிதன் மாலையில் போய் அமர, சிரிக்க, ஆட, நாலு பேரோடு பேச நம் ஊரில் எத்தனை இடங்கள் உள்ளன? படித்து உத்தியோகம் பார்ப்போர் ஒதுங்கி வாழாமல் ஒரு விளையாட்டுக் குழுவுக்கோ மாலை வாசகசாலைக்கோ தோள் கொடுத்தால், சாராயக்கடையன்றி வேறு போக்கிடமும் இருக்கும். இது ஒன்றே முழுத் தீர்வாகாது. ஆயினும் நம் கையில் உள்ள தீர்வு இது.

ஆண்டவர் தம் சீடர்களை ஊர்களுக்கு அனுப்பியபோது, வீடு வீடாக மாறி அலையாமல் ஓரிடத்தில் தங்கி, பரிமாறப்படுவதை உண்ணுமாறு பணித்ததை லூக்கா எழுதியிருக்கிறார். போதிக்கச் செல்பவன் முதலில் விருந்தாளியாக வேண்டும் என்பது அதன் உட்பொருள். நம் பிள்ளைகளும் இன்று வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கிறார்கள். அங்கே எவரேனும் அவர்கள் தட்டைப் பார்த்து முகம் சுளித்தால் நம் மனம் எவ்வளவு நோகும்!

இறுதியாக ஒரு வார்த்தை, நெடுங்காலமாக இக்கரையில் வாழும் குடும்பங்களுக்கு. புதிதாக வந்தவர் தாமே வந்து பேசட்டும் என்று காத்திராதீர்கள். சாமான் இறக்கிய வீட்டில் முதல் நாள் அடுப்பு மூட்டுவது கடினம். அன்று மாலையே ஒரு கிண்ணம் மீன் குழம்பும் கொஞ்சம் சோறும் எடுத்துச் சென்று கதவைத் தட்டுங்கள். காலிக் கிண்ணத்தைத் திருப்பித் தர அவர்கள் உங்கள் வீடு தேடி வருவார்கள். வரும்போது உட்கார வைத்துப் பேசி அனுப்புங்கள்.