ஆள் வராத வேலைக்கு அபராதமா?

மில் தொழிலாளி ஒருவர், வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று கைபேசிச் செயலியில் பிளம்பருக்குப் பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “அடுத்த ஷிப்டும் நின்று பார்” என்கிறார் மேஸ்திரி. வீட்டில் ஆள் இல்லை. பதிவை ரத்து செய்கிறார். உடனே கம்பெனி 100 ரூபாயைப் பிடித்துக்கொள்கிறது. வாசலை யாரும் மிதிக்கவில்லை. குழாயை யாரும் தொடவில்லை. பணம் மட்டும் போயிற்று!

அதே கம்பெனி, ‘இன்று ஆள் இல்லை’ என்று தானே ரத்து செய்தால்? அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் காத்திருந்தவருக்கு ‘வருந்துகிறோம்’ என்று ஒரு வரி வரும். நாம் தவறினால் அபராதம், அவர்கள் தவறினால் வருத்தம்! இது என்ன நியாயம்?

ரத்துக் கட்டணம் என்றால் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறோம் நாம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2020 ஜூலையில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில், 4-வது விதியின் 8-வது உட்பிரிவைப் பாருங்கள். கம்பெனி தன்னிச்சையாக ரத்து செய்யும்போது அதேபோன்ற கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும்; ஏற்காத கம்பெனி நுகர்வோரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. இந்த விதி சாமானுக்கும் உண்டு, சேவைக்கும் உண்டு.

“தொழிலாளியின் நேரம் வீணாகிறதே, அதற்குத்தான் ஈடு” என்பார் கம்பெனிக்காரர். பெட்ரோல் செலவழித்து வாசல்வரை வந்த தொழிலாளிக்கு ஈடு கொடுக்கத்தான் வேண்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பிடித்த 100 ரூபாயில் அவர் கைக்குப் போனது எத்தனை? அந்தக் கணக்கைப் பில்லில் காட்டுங்கள்! ஆள் கிளம்புமுன்பே ரத்தான வேலைக்கு நஷ்டம் எங்கிருந்து வந்தது? ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், அதற்கு மேற்படாமல் நியாயமான ஈடுதான் கேட்கலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவு.

இவர்களுடைய தொழிலாளர் பாசத்தை நாடு பார்த்திருக்கிறது. 2021 அக்டோபரில் குருகிராமில், இப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் கமிஷன் பிடித்தத்தை எதிர்த்து அதன் அலுவலகத்தின் முன் திரண்டார்கள். அவர்கள் மறுபடி போராடியபோது, அந்த டிசம்பரில் கம்பெனி அவர்கள்மேல் வழக்குப் போட்டது!

அபராதம் என்றால் மில் தொழிலாளிக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1936-இல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம் முதலாளியின் கையைக் கட்டியது. ரூபாய்க்கு அரை அணாவுக்கு மேல் அபராதம் கூடாது. தொழிலாளியின் பதிலைக் கேட்க வேண்டும். பிடித்த பணத்தைப் பதிவேட்டில் எழுதித் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்று விதித்தது. பஞ்சாலை முதலாளிக்கு அன்றே போட்ட கடிவாளத்தைச் செயலிக் கம்பெனிக்கு ஏன் தளர்த்த வேண்டும்?

“வயலில் நிற்கும் எங்களுக்கு இதில் என்ன?” என்று விவசாயத் தொழிலாளி கேட்கலாம். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பட்டணத்து மாடிகளை ஏறி இறங்கும் பிளம்பரும் மெக்கானிக்கும் யார் பிள்ளைகள்? நம் பிள்ளைகள்தாம்! பதிவு செய்கிறவரிடம் பிடித்தம், வேலை செய்கிறவரிடம் கமிஷன். இருவர் பணமும் போய்ச் சேரும் பெட்டி ஒன்றுதான்.

ஆகவே தோழர்களே, 100 ரூபாய்தானே என்று விடாதீர்கள். ரத்து செய்த நேரத்தையும் பிடித்த தொகையையும் படம் எடுத்து வையுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் அவர் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மசியவில்லையா? 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவருக்குச் சங்கத் தோழர்கள் எழுதிக் கொடுக்கட்டும்.

ஆள் வராத வேலைக்குப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடு! வாசலுக்கு வந்த தொழிலாளிக்கு முழு ஈடு கொடு! இரண்டையும் சேர்த்தே கேட்போம்.