வெயில் கணக்கு மேலே இருக்கு... ராமேசுவரம் தண்ணீர் கணக்கு எங்கே?

ராமேசுவரம் தீவில் வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. பஞ்சம் எல்லாம் நல்ல தண்ணிக்குத்தான். மணலுக்கு அடியில் உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிசாக நிற்கும் மழைநீர்தான் ஊற்றுத் தண்ணீர். தனுஷ்கோடியில் கையால் தோண்டினாலே ஊறும். மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இழுத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும்.

வெயிலை அளக்கும் வேலை சுலபமாகி விட்டது. 2016-ல் போன இன்சாட்-3டிஆர், 2024-ல் போன இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோள்கள் 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் இருந்து அரை மணிக்கு ஒரு படம் அனுப்புகின்றன. மேகம் எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்து, தரையில் விழும் வெயிலைக் கணக்குப் போடுகிறார்கள். மொட்டை மாடியில் சோலார் வைத்தால் எவ்வளவு கரண்டு வரும் என்று சொல்ல இது போதும். மண்ணில் இருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்றும் இதே வெயில் கணக்கை வைத்துச் சொல்லலாம்.

ஆனால் சிக்கல் இங்கேதான். வெப்பம் பார்க்கும் கேமராவுக்கு ஒரு புள்ளி என்பதே 4 கி.மீ. அரிச்சல்முனைப் பக்கம் தீவின் அகலம் 1 கி.மீ. கூட வராது. கடலும் கரையும் ஒரே புள்ளியில் கலந்து விடும். நிலத்தடி நீரைப் பார்க்க நாசாவும் ஜெர்மனியும் 2018-ல் ஏவிய இரட்டை செயற்கைக்கோள் மாநில அளவில் சொல்லும். ராமேசுவரம் அதற்குத் தூசி.

2024 நவம்பர் 20-ந்தேதி இங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதில் மண்ணுக்குள் போனது எவ்வளவு, கடலுக்கு ஓடியது எவ்வளவு? மேலே இருந்து தெரியாது. கிணறு கிணறாகக் கயிறு விட்டு ஆழம் பார்த்து, உப்பையும் சோதித்து மாதா மாதம் எழுதி வைக்க கீழே ஆள் வேண்டும்.