யாருடைய நேரத்தில் துடுப்பு போட்டேன்?

“பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வர்றீங்க?”

சிங்கப்பூரில் டிராகன் படகுக் குழு ஒன்றில் நான் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கோயிலில் கேட்டார்கள், மகன் படிக்கும் பாலர் பள்ளி வாசலில் கேட்டார்கள், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் அத்தை கேட்டார். எங்கள் குழுவில் பாதிக்கு மேல் ஆண்கள். அவர்களில் பலர் தகப்பன்மார். அவர்களில் ஒருவரிடமும் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ரொம்ப நாள் இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டியது. இப்போது சொல்கிறேன்: கேள்வி சரியானதுதான். கேட்ட இடம்தான் தப்பு.

கணவருக்கு வேலை கிடைத்து நாங்கள் சிங்கப்பூர் போனோம். அவருக்கு வேலை அனுமதி, எனக்கு டிபெண்டன்ட் பாஸ். சார்ந்திருப்பவள் என்று அரசாங்கமே அட்டை அடித்துக் கொடுத்துவிடுகிறது. 2021 மே மாதம் முதல் அந்த அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே சம்பள வேலைக்குப் போக முடியாது. தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். ஊரில் ஆறு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவள் நான். “வெளிநாட்டுக்குப் போயிட்டா பொம்பளைக்குச் சுதந்திரம்தான்” என்று சொல்லி அனுப்பினார்கள். போய் இறங்கியபின் என் கையில் இருந்தது ஒரு சமையலறையும் கணவர் பெயரில் ஒரு வங்கி அட்டையும்.

அப்படி இருந்தபோதுதான் பக்கத்து அடுக்குமாடித் தோழி ஒருத்தி என்னைக் காலாங் பேசினுக்கு அழைத்துப் போனாள். எனக்கு அப்போது நீந்தத் தெரியாது. நான் கும்பகோணத்துக்காரி. காவிரிப் படித்துறையில் என் அண்ணன் தலைகீழாகக் குதித்தான். அதே படித்துறையில் நான் துணி அலசினேன். ஆற்றங்கரையில் பிறந்த பெண்ணுக்கு முப்பத்து நான்கு வயதில், இன்னொரு நாட்டில், லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு 50 மீட்டர் நீந்திக் காட்டிய பிறகுதான் தண்ணீர் கிடைத்தது.

டிராகன் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய படகு ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். இரண்டிரண்டு பேராகப் பத்து வரிசை, ஆக 20 துடுப்புகள். முன்னால் மேளம் அடிக்க ஒருவர், பின்னால் நின்றுகொண்டு சுக்கான் பிடிக்க ஒருவர். முதல் வரிசையில் இருக்கும் இருவர் வைக்கும் தாளத்தைத்தான் மற்ற பதினெட்டுப் பேரும் பிடிக்க வேண்டும். தனியாக நீ எவ்வளவு பலசாலி என்பது அங்கே எடுபடாது. பக்கத்தில் இருப்பவள் துடுப்பு தண்ணீரில் இறங்கும் அதே நொடியில் உன் துடுப்பும் இறங்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் படகுக்கு நீ இடைஞ்சல்.

முதல் நாளே பயிற்சியாளர் என் எடையைக் கேட்டார். கூசிப்போனேன். பெண் பார்க்க வந்த வீட்டில், பிரசவத்துக்குப் பின் புகுந்த வீட்டில், ஜாக்கெட் தைக்கும் கடையில், எல்லா இடத்திலும் என் எடை ஒரு குற்றச்சாட்டு. 72 கிலோ என்று மெல்லச் சொன்னேன். “ரொம்ப நல்லது, அஞ்சாவது வரிசை, இடப்பக்கம்” என்றார். படகு சாயாமல் இருக்க இடமும் வலமும் எடை சரியாக இருக்க வேண்டும். கனமானவர்கள் நடுவில் உட்கார வேண்டும். அதற்குமேல் அந்த எண்ணுக்கு அங்கே அர்த்தம் இல்லை. என் உடம்பு எப்படித் தெரிகிறது என்று கேட்காமல், அது என்ன செய்யும் என்று கேட்கப்பட்ட முதல் இடம் அது.

அதற்காகப் படகைச் சொர்க்கமாக்கிவிட மாட்டேன். கலப்புப் பிரிவுப் போட்டியில் இத்தனை பெண்கள் இருந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் படகில் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். “எட்டுக்கு மேல எதுக்கு? வேகம் போயிடும்” என்று எங்கள் காதுபடவே பேசுவார்கள். நாங்கள் கணக்குக்கு. மாதவிடாய் நாளில் பயிற்சிக்கு வந்தால் “முடியுமா?” என்று அக்கறையோடு ஒரு கேள்வி வரும். வராவிட்டால் “பொண்ணுங்கன்னா இப்படித்தான்” என்று ஒரு தீர்ப்பு வரும்.

இதெல்லாம் புதிதில்லை. தென்சீனத்தின் பல ஊர்களில் பெண்கள் டிராகன் படகைத் தொடவே கூடாது என்றிருந்தது. காரணம் நமக்கு விளக்க வேண்டியதில்லை, தீட்டு. நம் கடற்கரை ஊர்கள் சிலவற்றிலும் பெண் படகில் கால் வைத்தால் ஆகாது என்பார்கள். அதே கடலில், மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரத்துப் பெண்கள் மூழ்கிப் பாசி எடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். பெண் பிழைப்புக்காகத் தண்ணீரில் இறங்கினால் யாருக்கும் தீட்டு நினைவுக்கு வராது. விளையாட இறங்கினால்தான் வரும்.

வெள்ளைக்கார நாடுகளின் கதையும் இதேதான். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் ஆண்கள் படகோட்டிய ஆண்டு 1829. பெண்கள் ஓட்டியது 1927-இல், அதுவும் நடையழகுக்கும் மதிப்பெண் போட்டார்கள். ஆண்கள் ஓட்டும் அதே தேம்ஸ் தடத்தில், அதே நாளில் பெண்கள் ஓட்ட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் படகோட்டம் வந்தது 1976-இல். அப்போதும் ஆண்களுக்கு 2000 மீட்டர், பெண்களுக்கு 1000 மீட்டர். அதே 1976-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பெண்கள் குழுவுக்குப் படகுத்துறையில் குளியலறை கிடையாது. ஆண்கள் வெந்நீரில் குளித்து முடிக்கும்வரை பெண்கள் நனைந்த உடையோடு குளிரில் பேருந்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பெண்கள் பத்தொன்பது பேர் நிர்வாகியின் அறைக்குள் போய், உடையைக் களைந்து, முதுகிலும் மார்பிலும் எழுதியிருந்த ‘டைட்டில் நைன்’ என்ற சமத்துவச் சட்டத்தின் பெயரைக் காட்டி நின்றார்கள். அவர்கள் கேட்டது பதக்கம் அல்ல. ஒரு குளியலறை.

இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் இது வசதியான கட்டுரையாக இருக்கும். நான் பாதிக்கப்பட்டவள், போராடியவள், வென்றவள். ஆனால் அத்தை கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனேன்?

எங்கள் வீட்டில் இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவிலிருந்து வந்த பணிப்பெண் ஒருவர் இருந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஆனாலும் என்னை ‘மேம்’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மகள் பாட்டியிடம் வளர்ந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் கர்ப்பச் சோதனையும் அடக்கம். என் உடம்பை அளந்தவர்களைப் பற்றி இவ்வளவு எழுதினேனே, அவர் உடம்பை ஒரு நாடே சட்டம் போட்டு அளந்தது. கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனவள் நான்.

அவருக்கு ஞாயிறு விடுமுறை. பாய லேபாரில் சிட்டி பிளாசாவுக்குப் போவார். ஊர்க்காரப் பெண்களோடு சாப்பிட்டு, பணம் அனுப்பி, மகளோடு வீடியோவில் பேசிவிட்டு இரவு திரும்புவார். என் பயிற்சியும் ஞாயிறு காலை, ஏழு முதல் பதினொன்று வரை. “நான் வந்ததும் கிளம்புறீங்களா?” என்று கேட்டேன். “சரி மேம்” என்றார். அதற்குப் பணம் கொடுத்தேன். வாரம் ஒருநாள் விடுமுறை என்பது 2013-இலிருந்து சட்டம். ஆனால் ஒப்புக்கொண்டால் விடுமுறையைக் காசாக்கிக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி விலைக்கு வாங்கக் கூடாது என்ற விதி 2023-இல்தான் வந்தது. நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டத்தை மீறாமலே ஒருத்தியின் காலைப்பொழுதை எடுத்துக்கொள்ள முடிகிறது என்பதுதான் விஷயம்.

போட்டி நாள் வந்தது. பெண்கள் பிரிவு, 500 மீட்டர். மேளம் அதிர, தோள் எரிய, முன்னால் இருந்தவளின் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்காமல் துழாவினோம். நான்காவதாக வந்தோம். பதக்கம் இல்லை. கரையேறியபோது அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அன்று இரவு பாத்திரம் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்: “போட்டி எவ்வளவு நேரம் மேம்?”

“மூணு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி.”

அவர் சிரித்துவிட்டார். “மூணு நிமிஷத்துக்குப் பதினாலு ஞாயிறா!”

அவர் எண்ணி வைத்திருந்தார். நான் எண்ணவில்லை. பதினான்கு ஞாயிறு, நான்கு நான்கு மணி நேரம், 56 மணி நேரம். என் மகிழ்ச்சி முழுக்க அந்த நேரத்தில் கட்டப்பட்டது.

இந்த இடத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று: “அதான் காசு கொடுத்தியே.” காசு கொடுத்தேன். மகளோடு பேச வேண்டிய காலை நேரத்தைக் காசு திருப்பித் தராது. மற்றொன்று: “பார்த்தியா, பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி.” இதைச் சொல்பவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். நான் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நிம்மதி.

இரண்டு பதில்களும் ஒரே ஆளை மறைத்து வைக்கின்றன. ஞாயிறு காலை ஏழு முதல் பதினொன்று வரை அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். பிள்ளையின் அப்பா. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். வாரம் முழுக்க வேலை, அவருக்கு ஓய்வு வேண்டாமா? வேண்டும். அவருடைய ஓய்வு கேட்காமலே கிடைத்தது. என்னுடையதை நான் கேட்டு வாங்கினேன். பணிப்பெண்ணுடையதோ காசுக்குப் போனது. ஒரே வீட்டில் ஒரே காலையில் மூன்று ஓய்வுகள், மூன்று விலை. வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவரை எழுப்ப வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. பணிப்பெண்ணிடம் கேட்பது எளிதாக இருந்தது. அவரால் மறுக்க முடியாது என்பதால்தான் எளிதாக இருந்தது.

அடுத்த வாரம் கணவரிடம் சொன்னேன். “நான் ஹெல்ப் பண்றேன், அதுக்கென்ன” என்றார். சொந்தப் பிள்ளைக்குத் தோசை ஊற்றுவது யாருக்குச் செய்யும் உதவி? அன்றைய சண்டை பெரியது. அதன்பின் ஞாயிறு காலைகள் அவருடையவை. முதல் மாதம் தோசை கருகியது, பிள்ளை அழுதான், எனக்குத் தொலைபேசி வந்தது. படகில் இருக்கும்போது தொலைபேசியை எடுக்க முடியாது என்பது எவ்வளவு பெரிய வரம்! பணிப்பெண் காலை எட்டு மணிக்கே கிளம்பினார். இதனால் நான் நல்லவளாகிவிடவில்லை. எடுத்ததைத் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். அதுவும் பதினான்கு வாரம் கழித்து.

பெண்ணுக்கு விளையாட்டு வேண்டும், பெண்ணுக்கு உடல்வலிமை வேண்டும் என்று எழுதுகிறோம், பேசுகிறோம். வேண்டும்தான். ஆனால் விளையாட்டுக்கு முதலில் வேண்டியது நேரம். இந்த நேரத்தை ஆண்களிடமிருந்து வாங்காமல், நமக்குக் கீழே நிறுத்தப்பட்டிருக்கும் இன்னொரு பெண்ணிடமிருந்து வாங்கும் வழியை இந்த அமைப்பு நமக்கு அழகாகத் திறந்து வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் அது பணிப்பெண். சென்னையில் ‘அக்கா’ என்று நாம் கூப்பிடும் வேலைக்காரப் பெண். வேறு பல வீடுகளில் நம் அம்மா.

கல்லூரி மாணவிகளே, மாலை ஆறு மணிக்கு உங்கள் விடுதிக் கதவு மூடும்போது ஆண்கள் மைதானத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த விளக்கைக் கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள். கேட்டு வாங்கிய பிறகு, நீங்கள் விளையாடும் அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் விடுதியின் பாத்திரத்தைத் தேய்ப்பவர் யார், அவருக்கு எப்போது ஓய்வு என்றும் கேளுங்கள்.

அத்தைக்கு இப்போது பதில் வைத்திருக்கிறேன். “பிள்ளைய அவன் அப்பாகிட்ட விட்டுட்டு வந்தேன் அத்தை. மாமாவ எப்போ எழுப்பப் போறீங்க?”